முன்பணம் திரும்பாது

என்று ரசீதிலேயே இருக்கிறது, என் கையெழுத்துக்கு மேல்.
ஜனவரியில் சேர்ந்து கட்டியவர்கள்
ஜூனில் தனித்தனிக் காரில் வந்தார்கள்.
காலை நாலரை. வெஸ்ட்போர்ட் படகுத்துறை.
அவன் வண்டியின் விளக்கு அணைந்த பிறகுதான்
அவள் வண்டியின் கதவு திறந்தது.

"நீ வரமாட்டாய் என்று நினைத்தேன்" என்றான் லைல்.
"பாதிப் பணம் என்னுடையது" என்றாள் கொரின்.
நான் விலாங்கு வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

இருபத்துமூன்றடிப் படகு.
முகம் கொடுக்காமல் ஆறு மணி நேரம் இருக்க
இதில் இடமில்லை என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
எஞ்சினுக்கு இன்னும் பதினோரு தவணை பாக்கி.

அவன் அணியத்தில். அவள் பின்னால், மோட்டார் பக்கம்.
நடுவில் சுக்கானைப் பிடித்தபடி நான்,
வழக்கு நடக்கும் தெருவின் தபால்காரி மாதிரி.

வற்றம் தொடங்கி அரைமணி.
ஆறு முகத்துவாரத்தில் கடலை முட்டி
சுருண்டு மடிந்து பாறைமேல் சீறிக்கொண்டிருந்தது.
தண்ணீர் சண்டை போடும் இடத்தில்தான்
ஸ்ட்ரைப்பர் சாப்பிட வரும்.
எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்கிற வாக்கியம்.
அன்று வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை.
ஒரு பாசிக்கொத்து. லைலின் இருமல்.
காபிக் குடுவை அவளிடம், கோப்பைகள் அவனிடம்.
இவளும் கேட்கவில்லை, அவனும் நீட்டவில்லை.

பிறகு ஆலாக்கள்.
முதலில் நாலு. அப்புறம் வானத்தையே
யாரோ கிழித்துக் கொட்டியது போல.
விலாங்கை விட்டுவிட்டு ரப்பர் மீனை மாட்டினேன்.
"அந்த நுரைக்கு அப்பால் போடுங்கள், இப்போதே!"

லைலுக்கு ஒன்று. அளவுகோலில் வைத்தேன்.
இருபத்தெட்டு அங்குலத்துக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே
இருந்தால்தான் வீட்டுக்கு;
குறைந்தாலும் கடல், கூடினாலும் கடல்.
முப்பது. ஐஸ் பெட்டிக்குப் போனது.

கொரினின் கம்பு வளைந்தபோது
கீழே பாறை சிக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.
பாறை ஓடத் தொடங்கியது.
ரீல் அலற, தங்கூசி பார் பக்கம் இழுபட,
கூப்பிடாமலே அவன் பின்னால் வந்து
குறுக்கே கிடந்த கம்பை எடுத்து நகர்த்தினான்.
"நுனியைத் தாழ்த்து."
"எனக்குத் தெரியும்."
தாழ்த்தினாள்.

இருபது நிமிடம். நாற்பத்துநாலு அங்குலம்.
விலாவில் ரூல்போட்டு இழுத்த கறுப்புக் கோடுகள்,
ஒன்று மட்டும் நடுவில் அறுந்து
அரை விரல் தள்ளித் தொடர்ந்தது.
"படம் எடுக்கட்டுமா?" என்றேன்.
யாருடைய ஃபோனில் என்று
இருவரும் ஒரு கணம் நின்றார்கள்.
அதற்குள் நான் மீனை நீருக்கு இறக்கிவிட்டேன்.

களைத்த மீனை அப்படியே விட முடியாது.
நீரோட்டத்துக்கு எதிரே முகம் காட்டிப் பிடிக்கவேண்டும்.
அவள் கீழ்த்தாடையை. அவன் வாலடியை.
செவுள் மெல்லத் திறந்து, மூடி, திறந்தது.
தோளோடு தோள் பட்டது. விலகவில்லை,
விலகினால் மீன் கவிழ்ந்துவிடும்.
நான் எஞ்சினின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதில் பார்க்க ஒன்றுமில்லை.

வால் ஒரு அடி அடித்தது. இருவரும் நனைந்தார்கள்.
அவள் சிரித்தாள், மீன் போன திசையில்.
அவன் கைக்குட்டையை எடுத்து, கொஞ்சம் யோசித்து,
தன் முகத்தையே துடைத்துக்கொண்டான்.

துறையில் அந்த முப்பதை அறுத்தேன்.
ஒரு மீனுக்கு இரண்டு பக்கம்.
"ஒரே பையா?" பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
"இரண்டு" என்றார்கள், சேர்ந்து, ஒரே குரலில்.
என் கத்தி எப்போதும் முதல் பக்கத்தில் கஞ்சத்தனம் செய்யும்;
கனத்த துண்டை லைல் அவள் பக்கம் தள்ளினான்.
அவள் மறுக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை.
தலையை நான் வைத்துக்கொண்டேன், நண்டுப் பொறிக்கு.

இரண்டு கார்களும் பாலம் வரை
ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அதற்கப்பால் தெரியவில்லை.

படகைக் கழுவும்போது பார்த்தேன்:
குடுவை பின்னால் உருண்டு கிடந்தது,
கோப்பைகள் அணியத்தில், ஒன்றுக்குள் ஒன்று.
ரசீதைப் புரட்டினேன்.
ஒரே ஒரு எண்தான் இருக்கிறது,
ஜனவரியில் கொடுத்த வீட்டு எண்.
அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்
என்று எனக்குத் தெரியாது.

ஈரக் கையோடு எண்களை அழுத்தினேன்.
மணி அடித்துக்கொண்டிருக்கிறது.